பாட்டிக்கு மறதி இல்ல, பெட்டிக்குத்தான் வரிசை தெரியல



கொஞ்சம் நீளமான பதிவு. இன்னிக்குக் காலையில கோவில்ல கோத்தோங் ரோயோங் முடிஞ்சு, வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு உக்காந்து எழுதுறேன். கோவில்ல மைக் செட், ஸ்பீக்கர், பாட்டு போடுற பொறுப்புல இருக்கிறவங்களும், வீட்டுல வயசானவங்களுக்குப் பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தவங்களும் தயவுசெஞ்சு முழுசா படிங்க. மத்தவங்க உங்க விருப்பம்.

போன வாரம் நிர்வாகக் கூட்டத்துல ஒரு விஷயம் பேசணும்னு நேரம் கேட்டேன். "பெண்டிரைவ்ல பாட்டு வரிசை"ன்னு சொன்னதுமே சிரிப்பு. ஒருத்தர் கேட்டாரு: "தம்பி, பாட்டு ஓடுதா இல்லையா? ஓடுதுல்ல? அப்புறம் என்ன லா?" கழிவறைக் கூரை ஒழுகுது, அன்னதான அரிசிக் கணக்கு இடிக்குது, இதுக்குப் போய் 15 நிமிஷமான்னு இன்னொருத்தர். அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கூரை ஒழுகத்தான் செய்யுது. அதனால அங்க விட்டுட்டேன். இங்க சொல்றேன்.

எங்க தாமான்ல ஒரு பாட்டி இருக்காங்க. தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. தோட்டம் போய் வீடமைப்புத் திட்டம் வந்தப்போ இங்க வந்துட்டாங்க, கூடவே தோட்டத்து அம்மன் கோவிலும் வந்துச்சு. அதுதான் இப்போ எங்க கோவில். வெள்ளிக்கிழமை மகளிர் குழுவுல முதல் வரிசையில உக்காந்து பாடுற ஆள். அபிராமி அந்தாதி 100 பாட்டும் புத்தகம் பார்க்காம சொல்வாங்க. படிச்சு வந்த மனப்பாடம் இல்ல, காதால கேட்டுக் கேட்டு வந்தது.

ரெண்டு மூணு வருஷமா இனிப்பு நீர் கண்ணைக் கொண்டுபோயிடுச்சு. கோவிலுக்கு வர்றது நின்னுபோச்சு. மகன் பசார் மாலாம்ல 35 வெள்ளிக்கு ஒரு சின்ன ரேடியோ பெட்டி வாங்கிக் கொடுத்தாரு. பெண்டிரைவ் குத்தலாம், மெமரி கார்டும் போடலாம், அந்த மாதிரி. பாட்டி அந்த ஓட்டுற பட்டன் மேல மட்டும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வச்சிருக்காங்க. விரல் தடவினா தெரியும்.

அதுக்கு அந்தாதி போட்டுத் தரச் சொல்லி என்கிட்ட பெண்டிரைவ் வந்துச்சு. எங்ககிட்ட நல்ல பதிவு ஒண்ணு இருந்தது. மகளிர் குழு பாடினதை நானே கோவில் மண்டபத்துல வச்சுப் பதிவு பண்ணினது. சமய வகுப்புப் பிள்ளைங்க ஒவ்வொரு பாட்டா படிக்கணும்னு, பாட்டுக்கு ஒரு கோப்பா வெட்டி வச்சிருந்தேன். 1, 2, 3ன்னு 100 வரைக்கும். காப்புச் செய்யுள் ஒரு கோப்பு, நூற்பயன் ஒரு கோப்பு. மொத்தம் 102. அந்தப் பதிவுல பாட்டியோட குரலும் இருக்கு. காப்பி பண்ணிக் கொடுத்துட்டு, நல்ல காரியம் பண்ணின திருப்தியில நான் என் வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

ஒரு நாலு மாசம் இருக்கும். பாட்டியோட மருமக அக்கா கடையில பார்த்தப்போ சொன்னாங்க: "தம்பி, அத்தை இப்பல்லாம் பாட்டோட சேந்து பாடுறதே இல்ல. மறதி வந்துடுச்சுன்னு அவங்களே சொல்றாங்க. கிளினிக்ல சொல்லி, மறதிக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட தேதி வாங்கியிருக்கோம்." எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா சந்தேகம் வரல. 80 வயசு தாண்டினவங்க, இருக்கும்தானேன்னு நினைச்சேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துட்டு வரலாம்னு போனேன். அக்கா காப்பி போட்டுக் கொடுத்தாங்க. பெட்டி ஓடிக்கிட்டு இருந்தது. அந்தாதின்னா என்னன்னு தெரியாத பிள்ளைங்களுக்காகச் சொல்றேன்: ஒரு பாட்டு எந்தச் சொல்லுல முடியுதோ, அடுத்த பாட்டு அதுலதான் தொடங்கும். சங்கிலி மாதிரி. நூறாவது பாட்டு முடியுற சொல் முதல் பாட்டு தொடங்குற சொல்லோட போய்ச் சேரும். பாட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாட்டு முடிஞ்சதும், பெட்டி மூச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி, அடுத்த பாட்டோட முதல் சொல்லை அவங்க சொல்லிடுவாங்க. குழுவுல பாடும்போதும் அப்படித்தான், எல்லாருக்கும் அவங்கதான் எடுத்துக் கொடுப்பாங்க. அன்னிக்கு நான் பார்க்கும்போது உதடு லேசா அசையுது, சத்தம் வரல. பெட்டி வேற ஏதோ சொல்லைச் சொல்லித் தொடங்குது. பாட்டி வாயை மூடிக்கிட்டாங்க.

எனக்கு 100 பாட்டும் தெரியாது. சாமி மேடையில இருந்த புத்தகத்தை எடுத்து வச்சுப் பார்த்தேன். 29ஆவது பாட்டு முடிஞ்சிருக்கு. பெட்டியில ஓடிக்கிட்டு இருக்கிறது 3. அது முடிஞ்சு 30 வருது. அப்புறம் 31, 32, 33 எல்லாம் ஒழுங்கா வருது. 39 முடிஞ்சதும் 4.

காப்பி தொண்டையில இறங்கல.

விஷயம் இதுதான். என் கம்ப்யூட்டர்ல பார்க்கும்போது 1, 2, 3, 4ன்னு 100 வரைக்கும் அழகா நிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல இருந்தே, பேருக்குள்ள இருக்கிற எண்ணை எண்ணாகவே படிச்சு அடுக்கிக் காட்டுது. நம்ம கண்ணுக்கு எல்லாம் சரி. ஆனா அந்த 35 வெள்ளிப் பெட்டிக்கு எண் தெரியாது, எழுத்துதான் தெரியும். அகராதியில 'கல்', 'கல்யாணம்', 'கல்வி' எல்லாம் வந்த பிறகுதானே 'கால்' வரும்? அதே மாதிரி, 1ல தொடங்குற எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் அது 2க்குப் போகும். அதனால 1, அடுத்தது 10, அதுக்கடுத்தது 100. அந்தாதியோட முடிவு மூணாவது பாட்டா வந்துடுது! அப்புறம் 11ல இருந்து 19 வரைக்கும் ஒழுங்கு. அடுத்து 2. அடுத்து 20.

காப்புக்கும் நூற்பயனுக்கும் எண் போடாம, இங்கிலீஷ் எழுத்துல பேர் மட்டும் வச்சிருந்தேன். எண் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எழுத்து. ஆக, எல்லாத்துக்கும் முன்னால வரவேண்டிய பிள்ளையார் காப்பு, 99ஆவது பாட்டுக்கும் பின்னால போய் நிக்குது. பிள்ளையாரைக் கடைசியில நிறுத்தின புண்ணியம் எனக்கு.

வீட்டுக்கு வந்து உக்காந்து எண்ணினேன். 1ல இருந்து 100 வரைக்கும் அந்த வரிசையில ஓடினா, சங்கிலி 19 இடத்துல அறுபடுது. 19தான். எல்லா இடத்துலயும் அறுந்திருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க, "தம்பி, என்ன இது கலந்து கிடக்கு"ன்னு ஃபோன் வந்திருக்கும். ஆனா பத்துப் பாட்டு சரியா போகும், திடீர்னு ஒண்ணு தப்பும், மறுபடி பத்து சரியா போகும். கேக்கிறவங்களுக்கு எப்படித் தோணும்? பெட்டி சரியாத்தான் ஓடுது, நமக்குத்தான் நடுவுல நடுவுல நினைவு தப்புதுன்னு தோணும். அதுவும் பெட்டியில வர்றது அவங்க குழுவோட குரல், அவங்களோட குரல். தன் குரலே தனக்கு எதிரா சாட்சி சொன்னா யாருதான் நம்பமாட்டாங்க? நாலு மாசம் அந்த அம்மா தான் 40 வருஷமா சொன்னதைத் தானே நம்பாம உக்காந்திருக்காங்க. நான் பெயர் வச்ச லட்சணத்தால.

இதை நான் ஏன் பொதுவுல சொல்றேன்னா, இது ஒரு தடவை நடந்தது இல்ல. கோவில்லயே நடந்தது, அங்கயும் தப்பு வேற ஒருத்தர் தலையிலதான் விழுந்துச்சு.

போன மார்கழி. காலையில 5 மணிக்குக் கோவில் திறந்து விளக்குப் போட்டு பாட்டு போடுறது எங்க அங்கிள் ஒருத்தர். 74 வயசு, ஒரு நாள் தவறமாட்டாரு. திருவெம்பாவை 20, அதைத் தொடர்ந்து திருப்பள்ளியெழுச்சி 10. நம்ம கோவில்ல ஓதுவார் கிடையாது, அதனால பதிவுதான். வர்றவங்க புத்தகத்தை வச்சுக்கிட்டு கூடவே பாடுவாங்க. பெண்டிரைவ் நேரா ஆம்ப்ளிஃபயர்ல குத்துறது. அதுல திருவெம்பாவை ஏழாவது பாட்டுல நடுவுல மோட்டார்சைக்கிள் சத்தம் ஒண்ணு விழுந்திருந்தது. அதை அழிச்சுட்டு, திரும்பப் பாடவச்சு எடுத்த புதுக் கோப்பைப் போட்டேன். இந்தத் தடவை பேரெல்லாம் 001, 002ன்னுதான் இருந்தது, கவனிங்க. பாடம் படிச்சுட்டேன்னு நினைப்பு.

மறுநாள் காலையில 6 முடிஞ்சதும் 8 ஓடியிருக்கு. எல்லாரும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடியிருக்காங்க. பாடுறது நின்னுபோச்சு. கடைசியில திருப்பள்ளியெழுச்சி பத்தும் முடிஞ்சு, தீபாராதனைக்கு மணி அடிக்கிற நேரத்துல, திருவெம்பாவை ஏழாவது பாட்டு கணீர்னு வந்திருக்கு. சாமியை எழுப்பி முடிச்சுட்டு மறுபடி தோழியை எழுப்பப் போன மாதிரி. எல்லாரும் அங்கிளைத் திரும்பிப் பார்த்திருக்காங்க. அவரு பாவம், "பட்டனை மாத்தி அமுக்கிட்டேன் போல, மன்னிச்சுக்குங்க"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லியிருக்காரு. அவர் அமுக்கினது சரியான பட்டன்தான்.

இங்க நடந்தது வேற கதை. அந்த ஆம்ப்ளிஃபயர் பேரைப் பார்க்கிறதே இல்ல. கோப்பு பெண்டிரைவுக்குள்ள எந்த வரிசையில போய் உக்காந்துச்சோ அதே வரிசையில ஓட்டும். நிறைய மலிவான பெட்டிகளும், சில கார் ரேடியோக்களும் இப்படித்தான்.

கோவில் நன்கொடை நோட்டு மாதிரி நினைச்சுக்குங்க. யார் முதல்ல வந்தாங்களோ அவங்க பேர் முதல் வரி. அகர வரிசையெல்லாம் கிடையாது. நடுவுல ஒரு பேரை அடிச்சா அந்த வரி காலி. அடுத்து வர்றவர் பேரு அந்தக் காலி இடத்துல அடங்கினா அங்க எழுதலாம், நீளமா இருந்தா நோட்டு கடைசியிலதான். பெண்டிரைவுக்குள்ள ஃபேட் 32ன்னு சொல்ற அமைப்புல இருக்கிற பட்டியல் அதேதான். அழிச்சா அந்த இடத்துல ஒரு அடையாளம் மட்டும் போட்டு வச்சுக்கும், நீளமான பேருக்கு அதிக வரி எடுத்துக்கும். நான் புதுக் கோப்புக்குப் பழைய பேரோட 'புதுசு'ன்னும் சேர்த்து நீளமா பேர் வச்சிருந்தேன். அது பழைய இடத்துல அடங்காம கடைசிக்குப் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்தா? 007 ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல சமத்தா நிக்குது. திரையில நாம பார்க்கிறது ஒண்ணு, பெட்டி படிக்கிறது வேற ஒண்ணு.

மூணாவது வகை ஒண்ணும் இருக்கு. சில பிளேயரும் கைத்தொலைபேசிச் செயலியும் கோப்போட பேரையே மதிக்காது. உள்ள எழுதியிருக்கிற விவரத்தைத்தான் பார்க்கும்: எந்த ஆல்பம், எத்தனையாவது பாட்டு, தலைப்பு என்ன. இதை டேக்னு சொல்வாங்க. கடித உறை மேல என்ன எழுதியிருந்தாலும், உறையைப் பிரிச்சு உள்ள இருக்கிற கடுதாசியைத்தான் படிப்பேன்கிற ரகம். உள்ள ஒண்ணும் எழுதலைன்னா, தலைப்பு வச்சு அடுக்கிடும்.

சமய வகுப்புல பஞ்சபுராணம் சொல்லிக் கொடுக்கிறோம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், இதுதான் ஓதுற வரிசை. இங்கிலீஷ் எழுத்துல தலைப்பு வச்சு அகர வரிசையில அடுக்கினா தேவாரம் முடிஞ்சதும் பெரியபுராணம் வந்து நிக்கும். ஒரு பிள்ளை அப்பா கார்ல கேட்டுக் கேட்டு அதே வரிசையில படிச்சுட்டு வந்துச்சு. நல்ல குரல், ஒரு சொல் பிசகல. வரிசை மட்டும் தப்பு. ஆசிரியை திருத்தினப்போ பிள்ளை அழுதுருச்சு. "கார்ல இப்படித்தான் வருது டீச்சர்"னு சொல்லுது. அது சொன்னது உண்மை.

பாட்டி தன் நினைவைச் சந்தேகப்பட்டாங்க, அங்கிள் தன் விரலைச் சந்தேகப்பட்டாரு, பிள்ளை திட்டு வாங்குச்சு. பெண்டிரைவ் போட்டுக் கொடுத்த எனக்கு மூணு இடத்துலயும் "ரொம்ப நன்றி தம்பி"தான் கிடைச்சது. என் ஆதங்கம் இதுதான். பாட்டு வரிசை தப்பினா பழி எப்பவும் பெட்டி பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க மேல விழுது. அவங்கதான் வயசானவங்க, அல்லது சின்னவங்க, அல்லது கம்ப்யூட்டர் தெரியாதவங்க. தப்பு பண்ணினவன் வீட்டுல நிம்மதியா தூங்குறான்.

ஒரு காலத்துல இந்தப் பிரச்சினையே கிடையாது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுல கேசட் வாங்கின காலம் ஞாபகம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். நாடா சிக்கும், பென்சில் விட்டுச் சுத்துவோம், ஒரு பக்கம் முடிஞ்சா திருப்பிப் போடணும். ஆனா முதல் பாட்டுக்கு அப்புறம் ரெண்டாவது பாட்டுதான் வரும். வேற எதுவும் வர வழியே இல்ல. குறுந்தட்டும் அப்படித்தான். வரிசை அந்தப் பொருளுக்குள்ளயே இருந்தது, அதை யாரோ ஒலிப்பதிவுக் கூடத்துல யோசிச்சு முடிச்சுட்டாங்க. எம்.பி.3 வந்தப்போ ஒரு விரல் நகத்துல ஆயிரம் பாட்டுன்னு சந்தோஷப்பட்டோம். வரிசைப்படுத்துற வேலை நம்ம தலையில விழுந்ததை யாரும் சொல்லல, நாமளும் கவனிக்கல.

கூட்டத்துல வந்த யோசனைகளுக்கும் பதில் சொல்லிடுறேன்.

"எல்லாத்தையும் ஒட்டி ஒரே கோப்பா போட்டுடு." செய்யலாம். கோவில் ஆம்ப்ளிஃபயருக்கு மார்கழிப் பாட்டை நான் இப்போ அப்படித்தான் போடுறேன். ஆனா கரண்ட் ஒரு தடவை போய் வந்தா சில பெட்டி முதல்ல இருந்து தொடங்கும். பாட்டிக்கு 79ஆவது பாட்டு வேணும்னா எங்க போய்த் தேடுவாங்க? அமாவாசையில நிலா வந்ததா சொல்ற பாட்டு அது, அதை மட்டும் தனியா கேக்கணும்னு தோணும். பாட்டு பாட்டா இருந்தா அடுத்தது, அடுத்ததுன்னு பட்டனை அமுக்கிப் போகலாம். படிக்கிற பிள்ளைங்களுக்கும் தனித்தனியா இருந்தாத்தான் வசதி. இடத்தைப் பார்த்துச் செய்யணும்.

"யூடியூப்ல போட்டுடு." அதிகாலையில அபிஷேகம் நடக்கும்போது நடுவுல கடன் கொடுக்கிற விளம்பரம் வந்ததை எல்லாரும் கேட்டோம். மறந்துட்டீங்களா?

"நல்ல விலையில பிளேயர் வாங்கிக் கொடு." 300 வெள்ளிப் பெட்டியும் நான் மேல சொன்ன மூணுல ஒரு வழியிலதான் அடுக்கும். எந்த வழின்னு பெட்டி மேல எழுதியிருக்க மாட்டாங்க. விலை கூடினா சத்தம் நல்லா இருக்கும், அவ்வளவுதான். அதுவும் கண்ணு தெரியாதவங்களுக்கு, பெரிய பட்டன் உள்ள மலிவுப் பெட்டிதான் வசதி. தொடுதிரையைக் கொடுத்து என்ன பண்றது?

நான் ரொம்ப நேரம் யோசிச்சது, ஒரு அக்கா சொன்னது: "அன்போட போட்டா எந்த வரிசையில வந்தாலும் அம்பாள் ஏத்துக்குவா தம்பி." ஏத்துக்குவா, நான் மறுக்கல. ஆனா அந்தப் பெட்டி அம்பாளுக்குப் பாடல, பாட்டிக்குப் பாடுது. பாட்டியால ஏத்துக்க முடியல. வரிசைதான் அந்தாதி. மாலையில இருந்து நாரை உருவிட்டு அதே பூவைத் தட்டுல கொட்டிக் கொடுத்தா பூ குறையல, ஆனா மாலைன்னு யாரும் வாங்க மாட்டாங்க. நம்ம கோவில்ல மாலை கட்டுற அக்காமார்கள் ஒரு பூ மாறினாலே பிரிச்சுக் கட்டுறவங்க. பாட்டுக்கு மட்டும் ஏன் "ஓடுதுல்ல" போதும்?

சரி, நான் இப்போ எப்படிச் செய்யுறேன்னு சொல்லிடுறேன், கேட்டவங்க இருக்காங்க. எண்ணைப் பேருக்கு முன்னாடி வைக்கிறேன், எல்லாத்துக்கும் ஒரே நீளத்துல. நூறைத் தொடும்னா 001, தொடாதுன்னா 01. காப்புக்கு 000, நூற்பயனுக்கு 101. நீளமா தமிழ்ல பேர் வைக்க ஆசைதான், ஆனா சின்னப் பெட்டிகள்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா இல்லாட்டி கேள்விக்குறியாத்தான் தெரியுது. அதனால எண், அதுக்கப்புறம் சின்னதா ஒரு பேர். எண்ணைப் பேருக்குப் பின்னாடி வைக்காதீங்க. சில பழைய பெட்டி பேரோட முதல் சில எழுத்தை மட்டும்தான் படிக்கும், எல்லாம் 'திருவா', 'திருவா'ன்னு ஒரே மாதிரி தொடங்கினா குழம்பிடும்.

அப்புறம் எம்.பி.3டேக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல உள்ள இருக்கிற விவரத்தையும் அதே எண்ணுக்கு மாத்திடுறேன். உறையும் கடுதாசியும் ஒண்ணையே சொல்லணும்.

பெண்டிரைவ்ல ஒரே ஒரு பாட்டை மாத்தணும்னாலும், முழுசா ஃபார்மேட் பண்ணிட்டு எல்லாத்தையும் மறுபடி காப்பி பண்றேன். சோம்பேறித்தனம் பட்டதாலதான் அங்கிள் மன்னிப்புக் கேக்கும்படி ஆச்சு. கோப்புகளை மொத்தமா தேர்வு பண்ணி இழுக்கும்போது நடுவுல இருக்கிறதைப் பிடிச்சு இழுக்காதீங்க. நீங்க பிடிச்சது முதல்ல போய் உக்காந்துக்கும். முதல் கோப்பைப் பிடிச்சு இழுங்க, இல்ல ஃபோல்டரையே காப்பி பண்ணுங்க. ஏற்கனவே காப்பி பண்ணினதை அடுக்கணும்னா விண்டோஸுக்கு டிரைவ்சார்ட், லினக்ஸுக்கு ஃபேட்சார்ட் இருக்கு, ரெண்டும் இலவசம்.

பெரிய கார்டு வாங்காதீங்க. 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட்ங்கிற வேற அமைப்புல வரும், நிறைய சின்னப் பெட்டிக்கு அது படிக்கவே தெரியாது. 8 ஜிபி இருந்தா நம்ம திருமுறை, கவசம், அந்தாதி எல்லாம் போட்டும் இடம் மீறும். மேக் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க கவனம்: அது ஒவ்வொரு கோப்புக்கும் கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் கோப்பை எழுதி வச்சுடும், பெட்டி அதையும் பாட்டுன்னு நினைச்சு முழிக்கும்.

பேரப்பிள்ளைங்க கலந்து ஓட்டுற பட்டனை அமுக்கிட்டுப் போறதுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல.

இவ்வளவும் பண்ணிட்டு ஒரு வேலை பாக்கி இருக்கு, நான் பண்ணாம விட்டது அதுதான். எந்தப் பெட்டியில ஓடப்போகுதோ அந்தப் பெட்டியிலேயே போட்டுக் கேக்கணும். முழுசா கேக்க வேணாம். முதல் மூணு பாட்டு, அப்புறம் 9 முடிஞ்சு 10 வருதா, 19 முடிஞ்சு 20, 99 முடிஞ்சு 100. ஒட்டு இருக்கிற இடத்தை மட்டும் கேட்டா போதும். 10 நிமிஷம். அந்த 10 நிமிஷத்தை நான் பாட்டி வீட்டுல உக்காந்து செலவு பண்ணியிருந்தா நாலு மாசம் மிச்சமாகியிருக்கும்.

நிர்வாகத்துக்கு என் கோரிக்கையும் அதுதான். பெண்டிரைவ் யார் வேணும்னாலும் கொண்டுவந்து குத்துறது வேணாம். கோவில் பெண்டிரைவ்னு தனியா வச்சு, அதுல கல்யாண மண்டபப் பாட்டு, பிறந்தநாள் பாட்டு எதுவும் கலக்காம, அதை மாத்தினவர் பேரும் தேதியும் ஒரு நோட்டுல எழுதணும். மாத்தினவரே மறுநாள் காலையில 5 மணிக்கு அங்கிள் பக்கத்துல வந்து நிக்கணும். தப்பினா திட்டு அவருக்கு விழட்டும்.

பாட்டி கதைக்கு வர்றேன். அன்னிக்கு ராத்திரியே சரிபண்ணி, மறுநாள் வேலைக்குப் போற வழியில கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன நடந்துச்சுன்னு முழுசா சொன்னேன், தப்பு என் பேர்லதான்னும் சொன்னேன். பாட்டி ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ எனக்குச் சரியாத்தான் வந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாங்க. சரியாத்தான் வந்துச்சு பாட்டின்னேன். பொட்டு ஒட்டின பட்டனைத் தடவி அமுக்கினாங்க. காப்பு வந்துச்சு. அப்புறம் 1. அது முடிஞ்சதும் பெட்டிக்கு முன்னாடி அவங்க சொல்லைச் சொன்னாங்க, கொஞ்சம் பயந்து பயந்து. பெட்டியும் அதையே சொல்லுச்சு. நான் வேலைக்கு லேட்.

டாக்டர் தேதியை ரத்து பண்ண வேணாம்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். வயசுக்கு ஒரு தடவை பார்க்கிறது நல்லதுதான்.

ரெண்டு நாள் கழிச்சு பாட்டிகிட்ட இருந்து ஃபோன். "தம்பி, எல்லாம் ஒழுங்கா வருது. ஆனா 62ல சத்தம் கம்மியா இருக்கே, அன்னிக்கு யாரு மைக்கைத் தள்ளி வச்சது?" நான்தான் வச்சது. அதையும் சரி பண்ணணும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு 11 மணிக்கு மண்டபத்துல இருப்பேன். வீட்டுல வயசானவங்களுக்கு அந்தாதியோ திருவெம்பாவையோ வேணும்னா பெண்டிரைவ் கொண்டு வாங்க. பெண்டிரைவ் மட்டும் கொண்டு வராதீங்க, அவங்க கேக்கிற பெட்டியையும் சேர்த்துக் கொண்டு வாங்க. உக்காந்து ஒட்டு எல்லாம் கேட்டுட்டுத்தான் கொடுப்பேன். கூட்டமா இருந்தா கொஞ்சம் காத்திருங்க, சாப்பாடு இருக்கு.